ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க்

ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் (ஜூன் 1, 1863 – டிசம்பர் 16, 1916) ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் ஆவார். ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட உளவியல் உண்மைகளைத் தொழிற்சாலை, மருத்துவம், கல்வி, நீதிமன்றம் ஆகிய துறைகளில் பயன்படுத்த முடியும் என்று வாதிட்டதால், பயன்பாட்டு உளவியலின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். சாட்சிகளின் நினைவாற்றல், பொய்யான ஒப்புதல் வாக்குமூலம், பொய்யைக் கண்டறியும் முறைகள் ஆகியவற்றைப் பற்றி இவர் 1908இல் வெளியிட்ட நூல், தடயவியல் உளவியல் என இன்று அழைக்கப்படும் துறையின் தொடக்க கால நூல்களுள் முக்கியமானது. உளவியலாளர் ஒருவர் வழக்குகளில் எந்த அளவுக்குத் தலையிடலாம் என்ற விவாதம் இவருடைய வாழ்க்கையோடு நெருங்கிய தொடர்புடையது.

பிறப்பும் கல்வியும்

மூன்ஸ்டர்பெர்க் அன்றைய பிரஷ்யாவின் துறைமுக நகரான டான்சிக்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இந்நகரம் இன்று போலந்து நாட்டில் கிடான்ஸ்க் என்ற பெயரில் உள்ளது. தந்தை மோரிட்ஸ் ஒரு வணிகர். தாய் அன்னா ஓர் ஓவியர். இவருடன் பிறந்த சகோதரர்கள் மூவர். இவருக்குப் பன்னிரண்டு வயதானபோது தாய் இறந்தார். பள்ளிக் கல்வி முடிவதற்குள் தந்தையும் இறந்துவிட்டார். பிற்காலத்தில் மூன்ஸ்டர்பெர்க் சீர்திருத்தக் கிறித்தவத்தைத் தழுவினார்.

1882இல் பள்ளிப்படிப்பை முடித்த இவர், பின்னர் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். அங்கு, முதல் உளவியல் ஆய்வகத்தை நிறுவியவராகப் போற்றப்படும் வில்ஹெல்ம் வூண்டின் சொற்பொழிவுகளைக் கேட்டு உளவியலின்பால் ஈர்க்கப்பட்டார். 1885இல் வூண்டின் வழிகாட்டலில் முனைவர் பட்டமும், 1887இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் பெற்றார். அதே ஆண்டில் செல்மா ஓப்லரை மணந்தார். இவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

1887இல் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அங்கு உளவியலுக்கென ஆய்வகம் இல்லாததால் தம் வீட்டு அறைகளிலேயே கருவிகளை அமைத்துச் சோதனைகளை நடத்தினார். மனிதனின் விருப்பச் செயல் பற்றி 1888இல் இவர் வெளியிட்ட நூல் ஆசிரியர் வூண்டின் கருத்தினின்று மாறுபட்டது. ஆனால் அமெரிக்கத் தத்துவ அறிஞரும் உளவியலாளருமான வில்லியம் ஜேம்ஸ் இவரது ஆய்வுகளை விரும்பிப் படித்தார். இருவரும் 1889இல் பாரிசில் நடந்த முதல் பன்னாட்டு உளவியல் மாநாட்டில் சந்தித்தனர்.

ஹார்வர்டில்

ஜேம்சின் அழைப்பை ஏற்று 1892இல் மூன்ஸ்டர்பெர்க் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வகத்துக்குப் பொறுப்பேற்றார். மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் 1895இல் ஜெர்மனி திரும்பினார். பின்னர் 1897இல் மீண்டும் ஹார்வர்டுக்கு வந்து இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். 1898இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக இருந்தார்.

இவரது மாணவர்களுள் மேரி விட்டன் கால்கின்ஸ் குறிப்பிடத்தக்கவர். பெண்களுக்குப் பட்டம் வழங்க ஹார்வர்ட் மறுத்து வந்த காலத்தில், கால்கின்சை முனைவர் பட்டத்துக்கு ஏற்றுக்கொள்ளுமாறு மூன்ஸ்டர்பெர்க் 1894இல் பல்கலைக்கழக நிர்வாகத்துக்குப் பரிந்துரைத்தார். கால்கின்ஸ் தேர்வில் சிறப்பாக வெற்றி பெற்றும் பட்டம் வழங்கப்படவில்லை. அவர் 1905இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் முதல் பெண் தலைவரானார்.

நீதிமன்றமும் உளவியலும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீதிமன்றங்கள் கைரேகை, நஞ்சு, இரத்தக்கறை முதலிய பொருள்களைப் பற்றி வல்லுநர்களின் கருத்தைக் கேட்கத் தொடங்கியிருந்தன. குற்றவாளி மனநோயாளியா என்பது பற்றி மருத்துவர்கள் சாட்சியம் அளித்தனர். ஆனால் மனநோய் இல்லாத, நேர்மையான ஒரு சாட்சியின் நினைவு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்ற கேள்வியை நீதிமன்றங்கள் எந்த வல்லுநரிடமும் கேட்கவில்லை. சாட்சி பொய் சொல்கிறாரா, உண்மை சொல்கிறாரா என்பதே அவற்றின் கவலையாக இருந்தது.

இக்கேள்வி ஐரோப்பாவில் ஆய்வுக்குரிய பொருளாகியிருந்தது. பெர்லின் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் ஃபிரான்ஸ் ஃபான் லிஸ்ட், தம் வகுப்பில் இரண்டு மாணவர்கள் சண்டையிட்டு ஒருவர் துப்பாக்கியை எடுப்பது போன்ற ஒரு நிகழ்ச்சியை முன்கூட்டியே திட்டமிட்டு நடத்தினார். பார்த்த மாணவர்கள் அதை உண்மை என்றே நம்பினர். பின்னர் நடந்ததை எழுதுமாறு அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். மிகக் குறைந்த பிழை செய்தவரின் விவரிப்பிலேயே 26 விழுக்காடு தவறாக இருந்தது. மிக அதிகமான பிழை 80 விழுக்காட்டை எட்டியது. நடக்காத செயல்கள் சேர்க்கப்பட்டன, நடந்தவை விடுபட்டன. வில்லியம் ஸ்டெர்ன் என்ற உளவியலாளர் சாட்சிய உளவியலுக்கென்றே ஓர் ஆய்விதழை 1903இல் தொடங்கினார். இவ்வாய்வுகளை அமெரிக்கப் பொதுமக்களுக்கு எடுத்துச் சென்றவர் மூன்ஸ்டர்பெர்க் ஆவார்.

ஐவன்ஸ் வழக்கு

1906 ஜனவரியில் சிகாகோ நகரில் ஒரு பெண் கொலை செய்யப்பட்டார். உடலைக் கண்டு தகவல் கொடுத்த ரிச்சர்ட் ஐவன்ஸ் என்ற இளைஞரைக் காவல்துறையினர் விசாரித்தனர். சில மணி நேரத்தில் அவர் கொலையை ஒப்புக்கொண்டார். அதன்பின் வாக்குமூலத்தைப் பலமுறை திரும்பக் கூறினார். ஆனால் வழக்கு விசாரணையின்போது தாம் அவ்வாறு கூறியதே நினைவில் இல்லை என்றார். கொலை நடந்த நேரத்தில் அவர் வேறிடத்தில் இருந்ததாகப் பலர் சாட்சியம் அளித்தனர். ஆயினும் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

ஐவன்ஸ் குற்றமற்றவர் என்று நம்பிய சிகாகோ மருத்துவர் ஒருவர் வழக்கின் விவரங்களை மூன்ஸ்டர்பெர்குக்கும் வில்லியம் ஜேம்சுக்கும் அனுப்பினார். அவ்விவரங்களைப் படித்த மூன்ஸ்டர்பெர்க், அச்சத்தாலும் விசாரித்தவர்களின் கருத்தேற்றத்தாலும் அறிதுயில் போன்ற நிலைக்கு ஆட்பட்ட ஒரு மனம் உருவாக்கிய பொய்யான வாக்குமூலம் இது என்று பதில் எழுதினார். இக்கடிதம் நாளேடுகளுக்குச் சென்றடைந்தது. தொலைவில் இருக்கும் ஒரு பேராசிரியர் சிகாகோ நீதிமன்றத்தின் முடிவில் தலையிடுவதா என்று நாளேடுகள் அவரைக் கடுமையாகத் தாக்கின. ஐவன்ஸ் 1906 ஜூன் மாதம் தூக்கிலிடப்பட்டார்.

குற்றம் செய்யாத ஒருவர் தாமே அதைச் செய்ததாக ஒப்புக்கொள்ள முடியும் என்ற கருத்தை அக்காலத்தில் பலர் ஏற்க மறுத்தனர். அக்கருத்து சரியானது என்பதைப் பிற்கால ஆய்வுகள் நிறுவியுள்ளன. அதே வேளையில், மூன்ஸ்டர்பெர்க் ஐவன்சை ஒருமுறையும் நேரில் ஆராயாமல், ஒரு தரப்பினர் அனுப்பிய விவரங்களைக் கொண்டே உறுதியான முடிவுக்கு வந்தார் என்பதும் உண்மை.

ஹேவுட் வழக்கு

ஐடஹோ மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஃபிராங்க் ஸ்டூனன்பெர்க் 1905 டிசம்பர் 30 அன்று தம் வீட்டு வாயிலில் வைக்கப்பட்டிருந்த வெடிகுண்டால் கொல்லப்பட்டார். கைதான ஹாரி ஆர்ச்சர்ட் கொலையை ஒப்புக்கொண்டதுடன், சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்கள் தூண்டியதாலேயே இதையும் வேறு பல கொலைகளையும் செய்ததாகக் கூறினார். சங்கத் தலைவர்களுள் ஒருவரான பில் ஹேவுட் மீதான விசாரணை 1907 மே மாதம் பாய்சி நகரில் தொடங்கியது. புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ ஹேவுட்டின் சார்பில் வாதாடினார். ஆர்ச்சர்டின் சொல்லை நம்புவதா இல்லையா என்பதைப் பொறுத்தே வழக்கின் முடிவு அமையும் நிலை இருந்தது.

மெக்லூர்ஸ் என்ற இதழின் ஏற்பாட்டில் மூன்ஸ்டர்பெர்க் பாய்சிக்குச் சென்று, சிறையில் ஆர்ச்சர்டைப் பல மணி நேரம் ஆராய்ந்தார். ஏறத்தாழ நூறு சோதனைகள் நடத்தப்பட்டன. அவற்றுள் முக்கியமானது சொற்தொடர்புச் சோதனை. இதில் ஆய்வாளர் ஒரு சொல்லைக் கூறுவார். அதைக் கேட்டதும் மனதில் தோன்றும் முதல் சொல்லை எதிரில் இருப்பவர் கூற வேண்டும். இடைப்பட்ட நேரம் நுட்பமான கடிகாரத்தால் அளக்கப்படும். எதையேனும் மறைக்க முயல்பவர், குற்றத்தோடு தொடர்புடைய சொற்களுக்கு விடை கூறச் சற்றுத் தாமதிப்பார் என்பதே இதன் அடிப்படை. ஆர்ச்சர்டிடம் அத்தகைய தாமதம் காணப்படவில்லை. ஆகவே அவர் உண்மையையே கூறுகிறார் என்ற முடிவுக்கு மூன்ஸ்டர்பெர்க் வந்தார்.

ஊர் திரும்பும்போது இம்முடிவை ஒரு நாளேட்டின் செய்தியாளரிடம் வெளியிட்டுவிட்டார். அப்போது ஹேவுட் மீதான வழக்கு முடியவில்லை. தீர்ப்புக்கு முன்பே ஒரு பேராசிரியர் தீர்ப்புக் கூறுகிறார் என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1907 ஜூலை 28 அன்று நடுவர் குழு ஹேவுட்டை விடுதலை செய்தது. குற்றத்தில் பங்கு பெற்ற ஒருவரின் சொல்லை மட்டும் கொண்டு, வேறு சான்றின் துணையின்றி எவரையும் தண்டிக்க ஐடஹோ சட்டம் இடம் தரவில்லை. மெக்லூர்ஸ் இதழுக்காக மூன்ஸ்டர்பெர்க் எழுதிய கட்டுரை வெளிவரவில்லை. ஆர்ச்சர்டுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அவர் 1954இல் சிறையிலேயே இறந்தார்.

இவ்வழக்கில் மூன்ஸ்டர்பெர்கின் முறையிலிருந்த குறைபாடு தெளிவானது. ஒருவர் எதையும் மறைக்கவில்லை என்று சோதனை காட்டினாலும், அவர் பிறர் மீது கூறும் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டதாகாது. மேலும், குற்றத்தை ஏற்கெனவே வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஒருவருக்குக் குற்றம் தொடர்பான சொற்களைக் கேட்டுத் தயங்க வேண்டிய காரணமும் இல்லை.

1908ஆம் ஆண்டு நூல்

இதழ்களில் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து, சாட்சிக் கூண்டில் என்று பொருள்படும் தலைப்பில் 1908இல் மூன்ஸ்டர்பெர்க் நூலாக வெளியிட்டார். புலன் மயக்கம், சாட்சியின் நினைவு, குற்றத்தைக் கண்டறிதல், உணர்ச்சியின் அடையாளங்கள், பொய்யான வாக்குமூலம், நீதிமன்றத்தில் கருத்தேற்றம், அறிதுயிலும் குற்றமும், குற்றத்தடுப்பு ஆகியவை இதன் கட்டுரைப் பொருள்கள்.

நூலில் தம் சொந்த அனுபவம் ஒன்றையே அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். குடும்பத்தினர் கடற்கரையில் தங்கியிருந்தபோது அவருடைய வீட்டில் திருட்டு நடந்தது. விரைந்து வந்து வீட்டைப் பார்வையிட்ட அவர், பின்னர் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்துச் சாட்சியம் அளித்தார். திருடர்கள் நிலவறைச் சன்னல் வழியாக நுழைந்ததாகவும், ஒரு கடிகாரத்தைத் தாளில் சுற்றி வைத்திருந்ததாகவும் கூறினார். உண்மையில் அவர்கள் கதவை உடைத்து நுழைந்திருந்தனர். கடிகாரம் மேசை விரிப்பில் சுற்றப்பட்டிருந்தது. நினைவாற்றலை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர், பொய் சொல்லும் நோக்கம் சிறிதும் இன்றி, சில நாள்களுக்குள் பல விவரங்களைத் தவறாகக் கூறியிருந்தார். இத்தகைய தவறு எவருக்கும் நேரலாம் என்பதும், சாட்சியின் உறுதி அவரது சொல்லின் உண்மைக்கு அளவுகோல் ஆகாது என்பதும் நூலின் மையக் கருத்துகள்.

கேள்வி கேட்கும் விதமே சாட்சியின் நினைவை மாற்றிவிடக்கூடும் என்பதையும் அவர் விளக்கினார். நாடித்துடிப்பு, மூச்சு, தோலின் மின்கடத்தல் ஆகியவற்றில் உணர்ச்சியால் ஏற்படும் மாற்றங்களை அளந்து, மறைக்கப்படும் உணர்வுகளைக் கண்டறியலாம் என்றும் எழுதினார். பிற்காலப் பொய்யறியும் கருவிகளுக்கு இது ஒரு முன்னோட்டம்.

மருத்துவர்களும் ஆசிரியர்களும் வணிகர்களும் உளவியலின் துணையை நாடும்போது, வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் மட்டும் அதை ஏற்க மறுக்கிறார்கள் என்று அவர் குற்றம் சாட்டினார். இதுவே சட்ட அறிஞர்களின் சினத்துக்குக் காரணமாயிற்று.

விக்மோரின் மறுப்பு

சாட்சியச் சட்டத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த அறிஞராக விளங்கிய ஜான் ஹென்றி விக்மோர் 1909இல் இல்லினாய்ஸ் சட்ட இதழில் இதற்கு மறுப்பு எழுதினார். அது ஒரு கற்பனை வழக்கு விசாரணையின் வடிவில் அமைந்தது. தங்கள் மீது அவதூறு பரப்பியதாக வழக்கறிஞர்கள் மூன்ஸ்டர்பெர்க் மீது வழக்குத் தொடுக்கின்றனர். நீதிமன்றங்கள் பயன்படுத்தத்தக்க நம்பகமான உளவியல் முறைகள் உண்மையில் உள்ளனவா, அவை எங்கே வெளியிடப்பட்டுள்ளன, உளவியலாளர்களே அவற்றை ஏற்றுக்கொண்டுள்ளனரா என்று குறுக்கு விசாரணையில் கேட்கப்படுகிறது. உளவியலாளர்களே எழுதிய ஆய்வுரைகளை ஆதாரமாகக் காட்டி, முறைகள் இன்னும் முழுமை பெறவில்லை என்பதை விக்மோர் நிறுவினார். கற்பனை நடுவர் குழு மூன்ஸ்டர்பெர்குக்கு எதிராகத் தீர்ப்பளித்து, பெயரளவுக்கு ஒரு டாலர் இழப்பீடு விதிக்கிறது.

விக்மோர் உளவியலுக்கு எதிரி அல்லர். உளவியலாளர்கள் உறுதியான முறைகளோடு வரும்போது நீதிமன்றங்கள் அவற்றை ஏற்கும் என்பதே அவர் நிலைப்பாடு. சான்றுகளை மெய்ப்பித்தல் குறித்து 1913இல் வெளியிட்ட நூலில் அவர் உளவியல் ஆய்வுகளையும் சேர்த்துக்கொண்டார். ஆயினும் இம்மறுப்புக்குப் பின் அமெரிக்காவில் சாட்சிய உளவியல் ஆய்வுகள் பல பத்தாண்டுகள் தேக்கமடைந்தன.

நடுவர் குழு பற்றிய சோதனை

1914இல் வெளியான ஒரு நூலில், குழுவாகக் கலந்துரையாடுவதால் தீர்ப்பு மேம்படுகிறதா என்பதை ஆராய்ந்த சோதனையை மூன்ஸ்டர்பெர்க் விவரித்தார். இரண்டு அட்டைகளில் உள்ள புள்ளிகளில் எதில் அதிகம் என்று மாணவர்கள் கூற வேண்டும். பின்னர் விவாதித்து மீண்டும் கூற வேண்டும். ஆண்களின் சரியான விடைகள் விவாதத்துக்குப் பின் 52 விழுக்காட்டிலிருந்து 78 விழுக்காடாக உயர்ந்தன. பெண்களின் விடைகள் 45 விழுக்காட்டிலேயே நின்றன. இதைக் கொண்டு, பெண்கள் நடுவர் குழுவில் அமர ஏற்றவர்கள் அல்லர் என்று அவர் முடிவு செய்தார். அவரது மாணவர் ஹெரால்ட் பர்ட் 1920இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய வேறுபாட்டை உறுதிப்படுத்தவில்லை. கால்கின்சுக்காகப் பரிந்து பேசிய ஆசிரியரே, புள்ளிகளை ஒப்பிடும் ஒரு சிறு சோதனையிலிருந்து ஒரு பாலினத்தவர் அனைவரையும் பற்றி முடிவு கூறினார்.

பிற துறைகள்

பாஸ்டன் நகர மின்வண்டி ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுப்பதற்கான சோதனைகளை வடிவமைத்தார். தொழிலக உளவியல் பற்றிய இவரது நூல் 1913இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. உளமருத்துவம் பற்றி 1909இல் ஒரு நூல் வெளியிட்டார். 1916இல் திரைப்படத்தின் உளவியல் பற்றி எழுதிய நூல், திரைப்படக் கோட்பாட்டின் முதல் நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

போர்க்காலமும் மறைவும்

மூன்ஸ்டர்பெர்க் இறுதிவரை ஜெர்மானியக் குடியுரிமையைக் கைவிடவில்லை. 1914இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது ஜெர்மனியின் நிலையை ஆதரித்து எழுதினார். இதனால் நண்பர்கள் பலரை இழந்தார். ஒற்றர் என்றும் பழிக்கப்பட்டார். இவரைப் பணியிலிருந்து நீக்காவிட்டால் ஹார்வர்டுக்குத் தம் உயிலில் எழுதிய ஒரு கோடி டாலர் நன்கொடையைத் திரும்பப் பெறப்போவதாக ஒரு முன்னாள் மாணவர் அறிவித்தார். பல்கலைக்கழகம் இதற்கு இணங்கவில்லை.

1916 டிசம்பர் 16 அன்று ராட்கிளிஃப் கல்லூரியில் மாணவியருக்கு விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்தபோது மேடையிலேயே சரிந்து விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 53. மகள் மார்கரெட் எழுதிய வாழ்க்கை வரலாறு 1922இல் வெளிவந்தது.

மார்ஸ்டனும் ஃபிரை தீர்ப்பும்

மூன்ஸ்டர்பெர்கின் ஆய்வகத்தில் பயின்ற வில்லியம் மார்ஸ்டன், பொய் கூறும்போது இரத்த அழுத்தம் உயர்வதை அடிப்படையாகக் கொண்டு ஒரு சோதனையை உருவாக்கினார். வாஷிங்டன் நகரில் நடந்த ஃபிரை என்பவர் மீதான கொலை வழக்கில் இச்சோதனையைச் சான்றாக அளிக்க முயன்றார். நீதிமன்றம் ஏற்கவில்லை. 1923இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்து, ஓர் அறிவியல் முறை அத்துறையினரிடையே பொதுவான ஏற்பைப் பெற்றிருந்தால் மட்டுமே சான்றாகும் என்று கூறியது. விக்மோர் தம் கற்பனை விசாரணையில் எழுப்பிய கேள்வியே இவ்வாறு சட்ட விதியாயிற்று. இவ்விதி பல பத்தாண்டுகள் நீடித்தது. 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு வேறு அளவைகளை வகுத்தது. மார்ஸ்டன் பின்னர் வொண்டர் உமன் என்ற சித்திரக்கதை நாயகியைப் படைத்தார். தன் பிடியில் சிக்கியவரை உண்மை பேச வைக்கும் கயிறு இந்நாயகியின் புகழ்பெற்ற கருவியாகும்.

பிற்கால மதிப்பீடு

1962இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், தகுதி பெற்ற உளவியலாளர்கள் மனநோய் குறித்து வல்லுநர் சாட்சியம் அளிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 1970களில் எலிசபெத் லாஃப்டஸ் முதலியோர் நடத்திய ஆய்வுகள், கேள்வியின் சொற்கள் மாறினால் சாட்சியின் நினைவும் மாறுகிறது என்பதைத் திட்டமான சோதனைகளால் நிறுவின. 1989 முதல் அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர்கள் என மெய்ப்பிக்கப்பட்டு நூற்றுக்கணக்கானோர் விடுதலையாயினர். அவர்களின் வழக்குகளில் பெரும்பாலானவற்றில் சாட்சிகள் தவறாக அடையாளம் காட்டியிருந்தனர். கணிசமானவற்றில் பொய்யான ஒப்புதல் வாக்குமூலம் இருந்தது. 2001இல் அமெரிக்க உளவியல் கழகம் தடயவியல் உளவியலைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது.

மூன்ஸ்டர்பெர்க் எச்சரித்த ஆபத்துகள் உண்மையானவை என்பதை இவை காட்டுகின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட மனிதர் உண்மை பேசுகிறாரா என்பதை உளவியலாளர் ஐயமின்றிக் கூறமுடியும் என்ற அவரது நம்பிக்கை நிலைபெறவில்லை. இன்று நீதிமன்றத்துக்கு வரும் உளவியலாளர் பொதுவாக, எந்தச் சூழ்நிலையில் நினைவு பிழைபடும், எத்தகைய விசாரணை பொய்யான வாக்குமூலத்துக்கு வழிவகுக்கும் என்பதை விளக்குகிறார். குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையை மதிப்பிடுகிறார். தீர்ப்பை நீதிபதிக்கோ நடுவர் குழுவுக்கோ விட்டுவிடுகிறார். அவரும் குறுக்கு விசாரணைக்கு உட்பட்ட ஒரு சாட்சியே ஆவார். உறுதியோடு பேசும் சாட்சியும் தவறக்கூடும் என்று மூன்ஸ்டர்பெர்க் பிறருக்காக வகுத்த விதி, ஐவன்ஸ், ஹேவுட் வழக்குகளின் வழியாக வல்லுநர்களுக்கும் பொருந்துவதாயிற்று.